மறுத்தவரா, மாறுபட்டவரா, புறத்தவரா?
ஓர் ஆங்கிலச் சொல்லும் நம் விடைத்தாள்களும்



இந்த முறை ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதுவும் ஆங்கிலச் சொல். "தமிழ் ஆசிரியர்களுக்கான இதழில் ஆங்கிலச் சொல் எதற்கு?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சுற்றி வந்து நாம் நிற்கப் போவது பெரியபுராணத்தின் வாசலில்தான்.

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக ஆறாம் படிவ மாணவர்களுக்கு இங்கிலாந்து வரலாற்றிலிருந்து ஒரு பத்தி கொடுத்திருந்தேன். அதில் 'ரெக்யூசன்ட்' என்ற சொல் வந்தது. பலருக்கும் பழக்கமில்லாத சொல். கைப்பேசி அகராதியைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். ஒருவர் 'நாத்திகர்' என்று எழுதினார். இன்னொருவர் 'மதத்துரோகி' என்றார். மூன்றாவது மாணவி 'புறச்சமயத்தார்' என்று எழுதியிருந்தார். நான் முதல் இரண்டையும் அடித்துவிட்டு மூன்றாவதற்கு மட்டும் மதிப்பெண் போட்டேன். என் விடைக்குறிப்பிலும் அதுதான் இருந்தது.

வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் மனசு உறுத்தியது. மூன்றுமே தவறு. என் விடைக்குறிப்பும் தவறு. ஏன் தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சொல்லின் உள்ளே இருப்பது ஒரு செயல்

'ரெக்யூசன்ட்' என்பது 'மறுத்தல்' என்னும் பொருள் தரும் இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்தது. மறுப்பவர், அவ்வளவுதான். எதை மறுத்தார்? இங்கிலாந்து அரசு நிறுவிய திருச்சபையின் ஞாயிறு வழிபாட்டுக்குப் போக மறுத்தார்.

எலிசபெத் அரசியின் ஆட்சியில் 1559-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழிபாட்டுக்குப் போகாத ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் 12 பென்ஸ் அபராதம். 1581-இல் அது மாதத்துக்கு 20 பவுண்டு ஆனது. அந்தத் தொகை எவ்வளவு பெரிது என்று நம் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஷேக்ஸ்பியரின் ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கு ஆண்டுச் சம்பளமே 20 பவுண்டுதான். ஓர் ஆசிரியரின் ஒரு வருட உழைப்பு, ஒரு மாத மறுப்புக்கு அபராதம்! 1593-இல் இன்னொரு சட்டம் வந்தது. மறுத்த கத்தோலிக்கர்கள் வீட்டிலிருந்து 5 மைலுக்கு மேல் அனுமதியில்லாமல் போகக் கூடாது என்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். உள்ளத்தில் கத்தோலிக்கராக இருந்துகொண்டே, அபராதத்துக்குப் பயந்து அரசுத் திருச்சபைக்குப் போய் உட்கார்ந்து வந்தவர்களும் நிறையப் பேர். அவர்களை யாரும் ரெக்யூசன்ட் என்று சொல்லவில்லை. பல வீடுகளில் கணவர் போவார், மனைவி போக மாட்டார். இருவருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். ஆனால் மனைவி மட்டுமே ரெக்யூசன்ட். ஆக, இந்தச் சொல் ஒருவர் என்ன நம்பினார் என்பதைச் சொல்லவில்லை; என்ன செய்ய மறுத்தார் என்பதைச் சொல்கிறது.

இதற்கு நல்ல சான்று ஷேக்ஸ்பியரின் அப்பாவே. 1592-இல் அவருடைய ஊரில் வழிபாட்டுக்கு வராதவர்களின் பட்டியல் ஒன்று எடுத்தார்கள். அதில் ஜான் ஷேக்ஸ்பியரின் பெயரும் இருக்கிறது. காரணம் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? கடன்காரர்கள் வழக்குப் போட்டுப் பிடித்துவிடுவார்களோ என்ற பயமாம்! அது உண்மைக் காரணமா, இரகசியக் கத்தோலிக்கர் என்பதை மறைக்கச் சொன்ன சாக்கா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வாதம் முடியாததற்குக் காரணம், அந்தப் பட்டியல் வராதவரை எண்ணியதே தவிர, அவர் மனசைத் திறந்து பார்க்கவில்லை.

இப்போது அந்த மூன்று விடைகளையும் திரும்பப் பாருங்கள். அவர்கள் கடவுளை மறுக்கவில்லை. ஆகவே நாத்திகர் இல்லை. 'மதத்துரோகி' என்பது அபராதம் போட்ட அதிகாரியின் வாயில் வரும் வசவு. அதை நாம் ஏன் நம் பேனாவில் ஏற்ற வேண்டும்? அப்படியானால் 'புறச்சமயத்தார்'? அங்கேதான் விஷயம் சுவையாகிறது.

நம் சொற்கள் இடத்தைச் சொல்கின்றன

சைவ சித்தாந்த மரபு மற்றச் சமயங்களை எப்படி வகைப்படுத்துகிறது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்கு வட்டம். ஒவ்வொன்றிலும் ஆறு. மொத்தம் 24.

உலகாயதம், சமணம், பௌத்தத்தின் நான்கு பிரிவுகள் ஆகியவை புறப்புறம். மீமாஞ்சை, ஏகான்மவாதம், சாங்கியம் முதலியவை புறம். பாசுபதம், காபாலம், வைரவம் போன்றவை அகப்புறம். சித்தாந்தத்துக்கு மிக அருகில் வந்து, ஒரு சில கொள்கைகளில் மட்டும் விலகுகிறவை அகம்.

இது வீட்டின் அமைப்பைப் போன்றது. கூடத்தில் இருப்பவர், திண்ணையில் இருப்பவர், வாசலில் நிற்பவர், தெருவில் போகிறவர் என்று நடு அறையிலிருந்து தூரத்தை அளக்கிறது. மீமாஞ்சகரும் ஏகான்மவாதியும் வேதத்தை ஒப்புக்கொள்கிறவர்கள், ஆனாலும் 'புறம்'. பாசுபதர் சிவனையே வழிபடுகிறவர். ஆனாலும் முழு 'அகம்' இல்லை. ஆகவே 'புறச்சமயி' என்பது வசவு அல்ல, குற்றப் பெயரும் அல்ல. ஓர் இடப்பெயர். எங்கே நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பாசுபதர் ஒருவர் இதே வரைபடத்தைப் போட்டால் நடு அறையில் அவர் இருப்பார்.

இந்த இடத்தில் நம் மரபுக்குப் பாராட்டும் சொல்ல வேண்டும். சிவஞான சித்தியாரின் பரபக்கம் எதிர்த்தரப்பை மறுக்கும் முன் அவர்கள் கொள்கையை எடுத்துச் சொல்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு முன்பே மணிமேகலையில், வஞ்சி நகரில் பல சமயவாதிகளும் தங்கள் தங்கள் கொள்கையைச் சொல்ல, மணிமேகலை உட்கார்ந்து கேட்கிறாள். மாற்றுக் கருத்தைப் பேசவிட்டுக் கேட்பது நமக்குப் புதிதில்லை.

ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு எச்சரிக்கையும் இதுவே. ஆங்கிலச் சொல் செயலைச் சொல்கிறது. தமிழ்ச் சொல் இடத்தைச் சொல்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால், அபராதம் கட்டிய அந்த மனைவி, தன் ஊரிலேயே தன் முன்னோர் வழியிலேயே நின்றவள், வெளியிலிருந்து வந்தவள் போல ஆகிவிடுகிறாள்.

பாசண்டம்: ஒரு சொல் கெட்டுப்போன கதை

பெயர்கள் எப்படித் திரிகின்றன என்பதற்கு இன்னொரு சொல்லைப் பாருங்கள். அசோகர் தம் 12-ஆம் பாறைக் கட்டளையில் எல்லாச் சமயப் பிரிவினரையும் மதிக்கச் சொல்கிறார். அங்கே 'சமயப் பிரிவு' என்பதற்கு அவர் பயன்படுத்தும் சொல் பாசண்டம். மதிப்பான, நடுநிலையான சொல். சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் ஒரு தெய்வம். அவனுக்குக் கோயிலே இருக்கிறது. தொண்ணூற்றாறு வகைச் சமயத் தருக்க நூல்களையும் அறிந்தவன் என்று பழைய உரை அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்கிறது.

பிற்காலத்தில் அதே சொல் 'பாஷண்டி' என்று மாறி, வேதநெறி தவறிய போலி என்னும் வசவாக ஆயிற்று. எழுத்து அதிகம் மாறவில்லை. சொல்கிறவர் மாறிவிட்டார்.

'நாத்திகர்' என்ற சொல்லும் அப்படித்தான். வடமொழி மரபில் அது வேதத்தை ஏற்காதவரைக் குறித்தது. அதனால் கடும் தவம் செய்த சமண முனிவரும் அந்தப் பட்டியலில் வந்தார். இன்றைக்குக் கடவுள் இல்லை என்பவரை மட்டும் குறிக்கிறது. ஆகவே பழைய நூலில் 'நாத்திகர்' என்று பார்த்தவுடன் இன்றைய பொருளை ஏற்றிவிடாதீர்கள். மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'ஹெரடிக்' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்குப் பொருள் 'தேர்ந்தெடுத்தல்'. தானாகத் தேர்ந்தெடுத்தவன் என்பதே குற்றப் பெயராகிவிட்டது பாருங்கள்.

அப்பர் யார்?

இப்போது பெரியபுராணத்துக்கு வருவோம். இங்கேதான் என் முக்கியமான வாதம்.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய வரலாற்றில், திருநாவுக்கரசர் சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்புகிறார். சமணனான பல்லவ மன்னன் அழைத்துவர ஆள் அனுப்புகிறான். அவர் போக மறுக்கிறார். பிறகு நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளுதல் என்று தண்டனைகள். இதையெல்லாம் நாம் வகுப்பில் உருகி உருகிச் சொல்லித் தருகிறோம்.

அந்தக் கதைக்குள் நின்று யோசியுங்கள். அரசின் சமயம் ஒன்று. அதற்கு இணங்க ஆணை ஒன்று. மறுத்தவர் ஒருவர். மறுப்புக்குத் தண்டனை. ரெக்யூசன்ட் என்ற சொல்லுக்குத் தமிழ் இலக்கியத்தில் மிக நெருங்கிய உருவம் யார் என்று கேட்டால், நான் அப்பரைத்தான் சொல்வேன். சமண அரசவையின் பார்வையில் அவர் துரோகி. நம் பார்வையில் நாயனார். ஒரே மனிதர், ஒரே செயல். அவர் செய்ததை மட்டும் சொல்லும் பெயர் ஒன்றுதான்: மறுத்தவர்.

அதே புராணம், மதுரையில் சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறியதையும் சொல்கிறது. அது வரலாற்று நிகழ்ச்சியா, புராணக் கூற்றா என்ற விவாதம் தனி. நான் கேட்பது வேறு. அப்பர் பாடத்தில் 'கொள்கை உறுதி' என்று எழுதும் நம் மாணவர், இந்தச் சமணர்களைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல்லை எடுக்கிறார்? 'வஞ்சகர்', 'தீயோர்' என்று பயிற்சித் தாள்களில் நானே படித்திருக்கிறேன். புராணத்தின் பாத்திரம் அப்படிப் பேசலாம். பக்திக் காப்பியத்துக்கு அதன் பார்வை உண்டு, அதை மதிக்க வேண்டும். ஆனால் திறனாய்வு எழுதும் மாணவர் 'சேக்கிழாரின் பார்வையில்' என்ற இரண்டு சொல்லையாவது முன்னால் போட வேண்டாமா? போட்டால் பக்தி குறையாது, விடை கூடும்.

சட்டமும் சடங்கும்: நம் காலத்து மறுப்பு

பினாங்கு வாசகர்களுக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது முதலில் இறங்கியது நம் பினாங்கில்தான். அவருடைய தோழர்கள் 'நாத்திகர்' என்ற பட்டத்தைத் தாங்களே எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள். வசவாக வந்த பெயரை விரும்பி ஏற்பதும் உலக வழக்கம்தான். 'மெத்தடிஸ்ட்' என்பதும் முதலில் கேலிப் பெயர்.

ஆனால் சுயமரியாதை இயக்கத்தில் நம் சொல்லுக்கு நெருக்கமானது அந்தப் பட்டம் அல்ல, திருமணம். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, மாலை மாற்றினால் போதும். இந்தச் சடங்கு மறுப்புக்கு யாரும் அபராதம் விதிக்கவில்லை. ஆனால் 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி நடந்த திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. மனைவி என்ற உரிமை, பிள்ளைகளின் சொத்துரிமை எல்லாம் கேள்விக்குறி ஆயின. 1967-இல் அண்ணா தலைமையிலான அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் அவை செல்லுபடியாயின. அப்படிக் கல்யாணம் செய்துகொண்ட எல்லாரும் கடவுள் மறுப்பாளர்களா என்றால், அதைச் சட்டமும் கேட்கவில்லை. சடங்கு நடந்ததா இல்லையா, அதுதான் கேள்வி. ஜான் ஷேக்ஸ்பியர் ஞாபகம் வருகிறாரா?

வள்ளலாரையும் இங்கே எண்ணிப் பாருங்கள். அவர் பாடல்கள் 1867-இல் திருவருட்பா என்று அச்சேறின. 1869-இல் ஆறுமுக நாவலர் அதை மறுத்து எழுதினார். 'மருட்பா' என்ற பெயர் எதிர்த்தரப்பு கொடுத்தது. வள்ளலார் நாத்திகர் இல்லை. எந்த அரசும் அவரை வழிபாட்டுக்கு வரச் சொல்லவில்லை என்பதால் ரெக்யூசன்டும் இல்லை. சாதி சமய வேறுபாடுகளையே கடந்து போனவர். அவரைச் 'சமயம் கடந்தவர்' என்பதே பொருந்தும். எல்லாரையும் ஒரே பெட்டியில் போட்டு மூடுவது சோம்பல்.

ஜார்ஜ்டவுனில் ஒரு நடை

மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் நடந்து பாருங்கள். செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கி, ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் வழியாக, குவான் யின் கோயில், பக்கத்தில் லெபோ குயினில் மகாமாரியம்மன் கோயில், அப்புறம் பள்ளிவாசல். நடந்தே முடித்துவிடலாம். முடித்ததும் ஒரு தே தாரிக்.

செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-இல் எழுந்தது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே, 1819-இல், லண்டன் மிஷன் சங்கத்தின் தாமஸ் பெய்ட்டன் பினாங்கு வந்து பணி தொடங்கினார். அந்தச் சங்கத்தில் பெரும்பாலோர் அரசுத் திருச்சபைக்கு இணங்காத சபையார். இவர்களுக்கு ஆங்கிலத்தில் 'நான்கன்ஃபார்மிஸ்ட்' என்று பெயர். அதே கிறிஸ்தவம், வேறு சபை. பெய்ட்டனை ரெக்யூசன்ட் என்று எழுதினால் பிழை. அவர் காலத்தில் வழிபாட்டுக்கு வராததற்காக அபராதம் கேட்பார் யாரும் இல்லை.

தமிழ் மாணவர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கால்டுவெல். 1838-இல் சென்னைக்கு வந்தபோது அவர் இதே லண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியர். 1841-இல் இங்கிலாந்துத் திருச்சபைக்கு மாறினார், பின்னால் ஆயரானார். ஜி.யு. போப்பும் மெத்தடிஸ்டாக வந்து அந்தத் திருச்சபையில் சேர்ந்தவரே. இவர்களைப் பற்றி எழுதும்போது 'மதம் மாறினார்' என்று போட்டுவிடாதீர்கள். மதம் மாறவில்லை, சபை மாறினார்கள்.

தேர்வில் எப்படி எழுதுவது?

சமய மாறுபாட்டைக் குறிக்கும் எந்தச் சொல் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இந்தப் பெயரை வைத்தது யார்? அவரா, அவரை எதிர்த்தவரா?
இரண்டு, பெயர் எதைச் சொல்கிறது? நம்பிக்கையையா, செயலையா, நிற்கும் இடத்தையா?
மூன்று, அந்தப் பெயர் விழுந்ததால் அவர் எதை இழந்தார்? பணமா, உரிமையா, உயிரா?

இதன்படி என் பரிந்துரைகள் இவை. ரெக்யூசன்ட் - வழிபாடு மறுத்தவர். நான்கன்ஃபார்மிஸ்ட் - அரசுத் திருச்சபைக்கு இணங்காதவர். டிசென்டர் - சமயக் கருத்தில் மாறுபட்டவர். ஹெரடிக் - கோட்பாடு பிறழ்ந்தவராகக் கருதப்பட்டவர். 'கருதப்பட்டவர்' என்பதை விட்டுவிடாதீர்கள். அந்தத் தீர்ப்பு நம்முடையதல்ல. நாத்திகர் என்பதைக் கடவுள் மறுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புறச்சமயத்தார் என்பது சித்தாந்த நூல்களைப் பேசும்போது மட்டும். 'மதத்துரோகி' மேற்கோள் குறிக்குள் இருக்கட்டும். இது இன்னார் சொன்னது என்று காட்ட மட்டும்.

இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருக்கலாம். இருந்தால் வகுப்பில் பயன்படுத்துங்கள், எனக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தமிழ் வகுப்பில் திருநீறு பூசிய பிள்ளையும் இருக்கிறாள், சிலுவைச் சங்கிலி போட்ட பிள்ளையும் இருக்கிறான், தலைத்துணி அணிந்த பிள்ளையும் இருக்கிறாள். வீட்டில் எந்தச் சாமியும் கும்பிடாத பிள்ளையும் இருக்கலாம். நாம் கரும்பலகையில் 'துரோகி' என்று எழுதும்போது, அவர்களில் யாரோ ஒருவர் தன் பாட்டனைப் பற்றியோ, தன்னைப் பற்றியோ எழுதியதாக எடுத்துக்கொள்வார். சரியான சொல்லைத் தேடுவது மதிப்பெண்ணுக்காக மட்டும் இல்லீங்க.

அந்த மூன்று விடைத்தாள்களையும் மறுநாள் திரும்ப வாங்கி, என் விடைக்குறிப்பு தவறு என்று வகுப்பில் சொன்னேன். மூன்றாவது மாணவியின் மதிப்பெண்ணை நான் குறைக்கவில்லை. தவறு என்னுடையதுதானே!